மால்டாவின் பாறைக் கரையில் கடல் நீச்சல்: காற்று பார்ப்பதிலிருந்து கரையேறுவது வரை முழுமையான வழிகாட்டி

மெரினா, கோவளம், காரைநகர் என்று மணல் கரைகளில் பழகியவர்களுக்குக் கடலில் இறங்குவது படிப்படியான காரியம். முழங்கால் ஆழத்தில் நின்று பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திரும்பி நடந்து வந்துவிடலாம். மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவின் கரை பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. பாறையில் பதித்திருக்கும் ஏணியின் கடைசிப் படியிலிருந்து காலை எடுத்தால் அடியில் நாலைந்து மீட்டர் தண்ணீர். நிற்கத் தரை இருக்காது.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இறங்கும்போது இல்லை, ஏறும்போதுதான். இறங்க ஒரு குதி போதும். ஈரப் பாறை, பாசி பிடித்த படி, தள்ளும் அலை, களைத்த கை எல்லாம் சேர்ந்து வருவது திரும்பும்போது. அதனால் இந்த வழிகாட்டியில் எல்லா முடிவும் "எப்படி வெளியே வரப்போகிறோம்" என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

ஒரு முன் நிபந்தனை. கால் தரையில் படாமல் பதினைந்து நிமிடம் பதறாமல் மிதக்கவும் நீந்தவும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்றால் வடக்கே மெல்லீஹாவில் உள்ள ஆதிரா மணல் கரைக்குப் போங்கள். அங்கே வெகுதூரம் வரை ஆழம் குறைவு. பழகிக்கொண்டு பிறகு பாறைக்கு வாருங்கள்.

1. முதல் நாள் இரவே காற்றைப் பாருங்கள்

இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு வானிலையைக் கடைசியில் பார்ப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. முதலில் காற்று, பிறகுதான் இடம். மால்டா 27 கிலோமீட்டர் நீளம், 14 கிலோமீட்டர் அகலம்தான். ஒரு பக்கம் கொந்தளிக்கும் அதே நேரம் எதிர்ப் பக்கம் கடல் சலனமில்லாமல் கிடக்கும்.

நம் மீனவர்களுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் இருப்பதுபோல் மால்டாக்காரர்களும் காற்றைத் திசைப் பெயரால்தான் பேசுவார்கள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு.

மய்யிஸ்த்ரால்: வடமேற்கிலிருந்து வருவது, இங்கே அடிக்கடி வீசுவதும் இதுதான். அன்று வடமேற்குக் கரையில் உள்ள கோல்டன் பே பக்கம் போக வேண்டாம். தென்கிழக்கே மார்சஷ்லோக் என்ற ஊருக்கு அருகே டெலிமாராவில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் பூல் என்ற இயற்கைப் பாறைக் குளம் அமைதியாக இருக்கும்.

ஷ்லோக்: தென்கிழக்குக் காற்று. அன்று கதை தலைகீழ். செயின்ட் பீட்டர்ஸ் பூலில் அலை நேராக வந்து மோதும். வடமேற்குக் கரைகள் அமைதியாக இருக்கும்.

கிரிகால்: வடகிழக்குக் காற்று. ஸ்லீமா நகரின் கடற்கரைச் சாலைப் பக்கத்துப் பாறைகளில் அலை ஏறி அடிக்கும். தென்மேற்கே ஆர் லாப்சி, கோசோ தீவில் ஷ்லெண்டி நல்ல தேர்வு.

ல்பீச்: தென்மேற்குக் காற்று. அன்று ஆர் லாப்சியையும் ஷ்லெண்டியையும் விட்டுவிட்டு ஸ்லீமாவுக்குப் போங்கள்.

முன்னறிவிப்பில் "வடமேற்குக் காற்று" என்றால் வடமேற்கிலிருந்து வருகிற காற்று. வரைபடத்தில் அம்புக்குறி தென்கிழக்கைக் காட்டுவதைப் பார்த்துக் குழம்பித் தப்பான கரைக்குப் போய் நிற்பவர்கள் நிறைய. காற்று எந்தக் கரையை நோக்கி வருகிறதோ அந்தக் கரையைத் தவிருங்கள்.

காற்றின் வேகம் 10 நாட் (knot; மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர்) அளவைத் தாண்டி, காற்றும் உங்கள் கரையை நோக்கியே இருந்தால் புதியவர்கள் அன்று அந்தக் கரையில் இறங்க வேண்டாம். இன்னொன்று, நேற்று பலமாக வீசிய காற்று இன்று அடங்கிவிட்டது என்பதற்காகக் கடலும் அடங்கிவிடாது. காற்று நின்ற பிறகும் நெடிய அலை ஒரு நாள்கூட நீடிக்கும். அதனால் காற்றோடு அலை உயரத்தையும் பாருங்கள். மால்டா விமான நிலையத்தின் வானிலைப் பக்கத்தில் இரண்டும் கிடைக்கும்.

தண்ணீரின் குளிரும் கணக்கில் வர வேண்டும். பிப்ரவரியில் 15, 16 டிகிரி, ஆகஸ்டில் 26, 27 டிகிரி. மே மாதம் வெயில் சுள்ளென்று இருக்கும், கடல் இன்னும் 18, 19 டிகிரியில்தான் இருக்கும். வங்கக் கடலில் குளித்துப் பழகிய உடம்புக்கு அது கடுங்குளிர். ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வசதியான காலம்.

2. பையில் என்ன இருக்க வேண்டும்

வாட்டர் ஷூ: இது இல்லாமல் போகவே போகாதீர்கள். ரப்பர் அடிப்பாகம் வளையும்படி இருக்க வேண்டும், குதிகாலில் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். ரப்பர் செருப்பு வேண்டாம். முதல் அலையிலேயே ஒன்று போய்விடும், ஈரப் பாறையில் வழுக்கவும் செய்யும்.

மாஸ்க் (கண்ணையும் மூக்கையும் மூடும் நீச்சல் கண்ணாடி): ஸ்நார்க்கல் (மூச்சுக் குழாயோடு முகத்தை நீருக்குள் வைத்து நீந்துவது) செய்யாவிட்டாலும் வேண்டும். இந்தக் கடலில் லிட்டருக்குச் சுமார் 38 கிராம் உப்பு; உலகக் கடல்களின் சராசரி 35. கண் எரியும். அதைவிட முக்கியம், அடியில் பாறை எங்கே, முள் எங்கே என்று பார்க்க வேறு வழியில்லை.

மிதவை: இடுப்பில் கட்டி இழுத்துப் போகும் ஆரஞ்சு நிறக் காற்றுப் பை. படகோட்டிக்கு உங்கள் தலை தெரியாது, இது தெரியும். களைத்தால் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம். அதில் ஒரு விசிலையும் கட்டிவிடுங்கள்.

மேலும் நீளக்கை நீச்சல் சட்டை, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், முள் பிடுங்கும் சிறு இடுக்கி, ஒட்டும் டேப். செயின்ட் பீட்டர்ஸ் பூலில் நிழலே கிடையாது. வெளிர்மஞ்சள் பாறை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். மார்சஷ்லோக்கிலிருந்து நடந்தால் வழியிலும் நிழல் இல்லை. காலை 9 மணிக்குள் போய்ச் சேருங்கள்.

3. போனதும் உடனே இறங்காதீர்கள்

பையை வைத்துவிட்டு உட்கார்ந்து கடலை மட்டும் பதினைந்து நிமிடம் பாருங்கள். அலைகள் ஒரே சீராக வருவதில்லை. வெகுநேரம் சின்னச் சின்னதாக வந்துவிட்டு, திடீரென்று மூன்று நான்கு பெரிய அலைகள் தொடர்ந்து வரும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு இறங்குகிறவர் அந்தச் சின்ன அலைகளை மட்டும்தான் பார்த்திருப்பார்.

பாறையின் நிறத்தையும் பாருங்கள். வெளுத்துக் காய்ந்திருக்கும் இடத்துக்கு அலை வரவில்லை. ஈரமாகக் கறுத்திருக்கும் இடம் வரை பெரிய அலை ஏறுகிறது. உங்கள் பையும் குழந்தைகளும் அந்த ஈரக்கோட்டிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

மத்தியதரைக் கடலில் ஓதம் மிகக் குறைவு. மால்டாவில் நீர்மட்டம் ஏறி இறங்குவது சுமார் 20 சென்டிமீட்டர்தான். காலையில் கைக்கு எட்டிய ஏணி மாலையிலும் எட்டும். மாறுவது அலை மட்டும்தான், அதனால் கண் அதன்மேலேயே இருக்க வேண்டும்.

தலைக்கு மேலேயும் பாருங்கள். குடைந்த பாறையின் நிழல் ஆசையாக இருக்கும், ஆனால் அதன் கீழ் உட்கார வேண்டாம். இந்தச் சுண்ணாம்புப் பாறை அடியில் அரிக்கப்பட்டு விழக்கூடியது. கோசோவின் ட்வேய்ராவில் இருந்த அஷூர் விண்டோ என்ற மாபெரும் பாறை வளைவே 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போனது.

4. ஏறும் வழியை இரண்டாக முடிவு செய்யுங்கள்

இறங்கும் இடத்தைத் தேடுவதற்கு முன் ஏறும் இடத்தைத் தேடுங்கள். இரும்பு ஏணி இருந்தால் அது முதல் வழி. அதை ஆட்டிப் பாருங்கள். உப்பில் துருப்பிடித்துக் கழன்ற ஏணிகளும் உண்டு. கடைசிப் படி தண்ணீருக்குள் இருக்கிறதா, மேலே நிற்கிறதா என்று பாருங்கள். மேலே நின்றால் கை பலத்தில்தான் ஏற வேண்டியிருக்கும். களைத்த பிறகு அது முடியாது.

இரண்டாவது வழியும் ஒன்று கட்டாயம் வேண்டும். அலை கூடினால் முதல் ஏணியில் கூட்டம் கூடும், அல்லது அதை நெருங்கவே முடியாது. ஐம்பது, நூறு மீட்டருக்குள் இன்னொரு ஏணியோ சாய்வான பாறையோ எங்கே என்று கரையிலிருந்தே குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரிலிருந்து பார்த்தால் கரை முழுக்க ஒரே மாதிரி தெரியும். அதனால் ஏணிக்கு நேர் மேலே இருக்கும் கட்டடம், குடை, மின்கம்பம் என்று ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வழி கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தில் இறங்க வேண்டாம். இதில் விலக்கே கிடையாது.

முதல் முறை போகிறவர்களுக்கு ஸ்லீமாவையோ ஆர் லாப்சியையோ சொல்வேன். ஸ்லீமாவில் ஏணிகள் பல உண்டு. ஃபொந்த் ஆதிர் பகுதியில் பாறையிலேயே செதுக்கிய சிறு குளங்களும் உண்டு. ஆர் லாப்சியில் பாறைகள் அரண்போல் சூழ்ந்த இயற்கைக் குளம் இருப்பதால் திறந்த கடலுக்குப் போகும் முன் அதற்குள்ளேயே பழகலாம்.

5. இறங்குவது

ஏணியில் முகத்தைப் பாறைப் பக்கம் வைத்து, பின்புறமாக இறங்குங்கள். கால் முதலில், தோள் அப்புறம், முகம் கடைசியில். குளிர்ந்த நீரில் சட்டென்று விழுந்தால் மூச்சு தானாகத் திணறும்; அந்த நொடியில் வாயில் தண்ணீர் போனால் பதற்றம் பற்றிக்கொள்ளும். ஏணியைப் பிடித்தபடி மூச்சு சீராகும் வரை ஒரு நிமிடம் நில்லுங்கள்.

பிறகு ஏணியை விட்டு மூன்று நான்கு மீட்டர் வெளியே நீந்திப் போய்விடுங்கள். பயத்தில் பாறையை ஒட்டியே நிற்பதுதான் புதியவர்கள் செய்யும் அடுத்த தவறு. அலை உங்களை அடிப்பது பாறையருகில்தான். ஆழத்தில் அது தூக்கி இறக்குவதோடு சரி.

நீருக்குள் காலைக் கண்ட இடத்தில் ஊன்றாதீர்கள். பாறைப் பள்ளங்களில் கறுப்பும் ஊதாவுமாகக் கடல் முள்ளெலிகள் (sea urchin; உடம்பெல்லாம் முள் உள்ள உருண்டை உயிரி) உட்கார்ந்திருக்கும். பல குழிக்குள் முள் மட்டும் வெளியே தெரியும்படி இருப்பதால் மேலிருந்து பார்த்தால் வெறும் நிழலாகத்தான் தெரியும். மாஸ்க் போட்டுக் குனிந்தால் முட்கள் மெல்ல அசைவது தெரியும்.

உடனே திரும்பி வந்து ஒரு முறை ஏறிப் பாருங்கள். தெம்பு முழுதாக இருக்கும்போதே ஏணி எப்படி என்று தெரிந்துவிட வேண்டும். அதன் பிறகுதான் நீச்சல்.

6. நீந்தும்போது

கோடையில் முக்கியக் குளியல் இடங்களில் மிதவைகளைக் கட்டி நீச்சல் எல்லை வகுத்திருப்பார்கள். அதற்குள்ளேயே இருங்கள். மால்டாவில் நீச்சல்காரருக்கு மீனைவிடப் படகுதான் ஆபத்து. எல்லை இல்லாத இடத்தில் கரைக்கு இணையாக நீந்துங்கள். நேராகக் கடலுக்குள் போகாதீர்கள். இணையாகப் போனால் ஏறும் வழி எப்போதும் பக்கத்திலேயே இருக்கும்.

காற்றுக்கு எதிராகத் தொடங்கி, திரும்பும்போது காற்றோடு வாருங்கள். தெம்பில் பாதி மிச்சம் இருக்கும்போதே திரும்புங்கள். தனியாக இறங்காதீர்கள், கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் நல்லது. பாறைக் குளியல் இடங்கள் பலவற்றில் உயிர்காப்பாளர் கிடையாது.

7. கரையேறுவது

அவசரம் கூடாது. ஏணிக்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி மிதந்தபடி அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் வந்து முடியட்டும். ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) போட்டிருந்தால் இங்கேயே கழற்றிக் கையில் மாட்டுங்கள் அல்லது மேலே இருப்பவரிடம் கொடுங்கள். ஃபினோடு படி ஏற முடியாது. ஏணியில் ஒருவர் இருந்தால் அவருக்கு நேர் கீழே போகாதீர்கள். அவர் வழுக்கினால் உங்கள் தலையில்தான் விழுவார்.

அலை உங்களைத் தூக்கும் நேரத்தில் ஏணிக்குப் போய் இரண்டு கையாலும் பக்கக் கம்பிகளைப் பிடியுங்கள். உடனே காலைப் படியில் வையுங்கள். அலை இறங்கும்போது தண்ணீர் காலடியிலிருந்து விலகி, உடம்பின் முழுக் கனமும் திடீரென்று கைக்கு வரும். இந்த இடத்தில்தான் பலர் பிடியை விட்டுவிடுகிறார்கள். உடம்பை ஏணியோடு ஒட்டி வைத்து, அடுத்த அலை வருவதற்குள் நிற்காமல் இரண்டு படி ஏறிவிடுங்கள்.

நீருக்குள் இருக்கும் படிகளில் வழவழவென்று பச்சைப் பாசி இருக்கும். விரல் நுனியை வைத்தால் வழுக்கும். பாதத்தின் நடுப்பகுதி படியில் படும்படி வையுங்கள்.

மேலே வந்தவுடன் எழுந்து நிற்காதீர்கள். ஏணியின் தலைமாட்டில் இருக்கும் ஈரப் பாறைதான் அந்தக் கரையிலேயே மிகவும் வழுக்கும் இடம். வெற்றிகரமாக ஏறி வந்தவர் அங்கே எழுந்து நின்று விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொள்வதை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். நாலு காலில் தவழ்ந்து, காய்ந்து வெளுத்த பாறைக்கு வந்த பிறகு எழுந்திருங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்; உள்ளூர்ப் பெரியவர்களும் அப்படித்தான் வருகிறார்கள்.

ஏணி இல்லாத சாய்வுப் பாறையில், சின்ன அலை ஒன்றின் மேல் வயிற்றால் வந்து படுத்துப் பாறையைப் பற்றுங்கள். அலை பின்வாங்கி இழுக்கும்போது அசையாமல் பிடித்திருங்கள். இழுப்பு நின்றதும் தவழுங்கள்.

நெருங்கவே முடியாதபடி அலை கூடிவிட்டால் பாறையோடு மல்லுக்கட்டாதீர்கள். வெளியே நீந்திப் போய் மல்லாந்து மிதந்து மூச்சு வாங்குங்கள். குறித்து வைத்த இரண்டாவது வழிக்குப் போங்கள். அதுவும் முடியாவிட்டால் விசில் ஊதி, ஒரு கையை உயர்த்தி ஆட்டுங்கள். கரையில் இருப்பவர் 112ஐ அழைக்க வேண்டும். பின்னாலேயே குதிக்கக் கூடாது.

8. ஸ்நார்க்கல்

முதலில் மாஸ்க்கின் வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை விட்டாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுக்குப் பொருந்தும். மீசைக்காரர்களுக்குச் சற்றுக் கசியும். மேலுதட்டில் வாசலின் தடவினால் குறையும். முழு முகத்தையும் மூடும் மாஸ்க் வேண்டாம். தண்ணீர் புகுந்தால் ஒரு நொடியில் கழற்ற முடியாது. மூழ்கும்போது மூக்கைப் பிடித்துக் காதின் அழுத்தத்தைச் சரிசெய்யவும் முடியாது.

மூச்சடக்கி மூழ்குவதற்கு முன் வேகவேகமாகப் பெருமூச்சு விடுவதைப் பலர் பயிற்சி என்று நினைக்கிறார்கள். அது உயிரை எடுக்கும். அப்படிச் செய்தால் உடம்பில் கரியமில வாயு குறைந்து, மூச்சு வேண்டும் என்ற உணர்வு தாமதமாக வரும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து எச்சரிக்கையே இல்லாமல் நினைவு தப்பும். சாதாரணமாக இரண்டு மூச்சு எடுத்து மூழ்குங்கள். ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

9. பேடில் போர்டு, கயாக்

இங்கே முதல் படியில் சொன்ன விதிக்கு ஒரு திருத்தம். நீச்சலுக்குக் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று நல்லது, நீர் அமைதியாக இருக்கும். பேடில் போர்டுக்கும் (நின்றபடி துடுப்பு போடும் பலகை) கயாக்குக்கும் (ஒடுக்கமான சிறு துடுப்புப் படகு) அதே காற்றுதான் மிக ஆபத்து. கரையோரம் கண்ணாடிபோல் இருக்கும் நீரில் நூறு மீட்டர் போனதும் பாறையின் மறைப்பு தீர்ந்து காற்று பிடித்துக்கொள்ளும். நின்றுகொண்டிருக்கும் உங்கள் உடம்பே பாயாகிவிடும். அதனால் ஷ்லெண்டி போன்ற குடாவுக்குள்ளேயே இருங்கள்; குடாவின் வாயைத் தாண்டாதீர்கள்.

போர்டைக் காலோடு இணைக்கும் கயிறும் லைஃப் ஜாக்கெட்டும் எப்போதும் வேண்டும். காற்று கூடினால் உடனே மண்டியிடுங்கள், அல்லது குப்புறப் படுத்துக் கையால் துழாவுங்கள். எக்காரணம் கொண்டும் போர்டை விட்டுவிட்டு நீந்திப் போகாதீர்கள். போர்டு மிதக்கும், தூரத்திலிருந்தும் தெரியும். கயாக் எடுத்தால், கவிழ்ந்து மீண்டும் ஏறுவதைக் கரையருகிலேயே ஒரு முறை செய்து பாருங்கள்.

காற்றடைத்த மெத்தைகளையும் வளையங்களையும் இந்தக் கரைக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

10. பாறையிலிருந்து குதிப்பது

செயின்ட் பீட்டர்ஸ் பூலில் எல்லோரும் குதிப்பார்கள், உங்களுக்கும் தோன்றும். மாஸ்க்கோடு முதலில் நீந்திப் போய் விழப்போகும் இடத்தின் அடியை நீங்களே பாருங்கள். தெளிந்த நீரில் ஆழம் கண்ணை ஏமாற்றும். கால் முதலில், கைகள் உடம்போடு ஒட்டி, நேராக. தலைகீழாகப் பாய வேண்டாம். கீழே ஆள் இல்லை என்று கூட இருப்பவர் சொன்ன பிறகே குதியுங்கள்.

11. முள் குத்தினால், ஜெல்லி மீன் கொட்டினால்

ஊதா இளஞ்சிவப்பாக, கையளவு குடையோடு மிதந்து வரும் ஜெல்லி மீன் இங்கே சாதாரணம். கொட்டினால் கடல் நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் கூடாது. தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் உயிரணுக்களை அது மேலும் வெடிக்கச் செய்யும். இந்த இனத்துக்கு வினிகரும் வேண்டாம். துணியால் தேய்க்காமல் இடுக்கியால் இழைகளை எடுத்துவிட்டு, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள்.

முள்ளெலி முள் எளிதில் ஒடியும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை இடுக்கியால் நேராக இழுங்கள். உள்ளே ஒடிந்ததை ஊசியால் தோண்டாதீர்கள்; வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் தளரும். மூட்டருகே குத்தினாலோ மறுநாள் வீங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாறையில் ஊரும், பக்கவாட்டில் வெள்ளை மயிர்க்கற்றைகள் கொண்ட செம்பழுப்புப் புழுவைப் பார்ப்பீர்கள். பார்க்க அழகு, ஆனால் அந்த மயிர்கள் தோலில் தைத்து நெருப்பாக எரியும். பட்டால் ஒட்டும் டேப்பை ஒட்டி இழுத்து எடுங்கள். டேப்பைப் பையில் வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

மூச்சுத் திணறல், முகவீக்கம், தலைசுற்றல் எது வந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு 112ஐ அழையுங்கள். அழைக்கும்போது கரையின் பெயரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பாறைக் கரைகளில் தெருப்பெயரோ கதவு எண்ணோ இருக்காது. அதனால் போய்ச் சேர்ந்தவுடனேயே அந்த இடத்தைப் போனில் குறித்து, கரையில் இருப்பவருக்கு அனுப்பிவிடுங்கள்.